அலமாரிக் கதவும் அர்த்தராத்திரிச் சத்தமும்: வாங்குவோர் கேள்வி-பதில்

வீட்டுக்காரர் லோகோ பைலட். விடியற்காலை மூன்று மணிக்கு டியூட்டி என்றால் அலமாரியைத் திறந்து யூனிஃபார்ம் எடுப்பார். மேக்னட் ‘டக்’கென்று அடித்ததும் கைக்குழந்தை எழுந்துவிடுகிறது. ஆறு கதவுக்கும் சாஃப்ட் க்ளோஸ் கீல் (கதவை அடிக்கவிடாமல் மெல்ல மூடும் கீல்) போடச் சொல்கிறார் கடைக்காரர். மேக்னட்டிலேயே சத்தமில்லாதது கிடைக்குமா?
– வாசகி, ஜோலார்பேட்டை

ஆறு கதவையும் மாற்ற வேண்டாம் அம்மா. மூன்று மணிக்குத் திறப்பது ஒரு கதவுதானே? யூனிஃபார்ம், பெல்ட், துண்டு எல்லாவற்றையும் அந்த ஒரு கதவுக்குள் வையுங்கள். அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

கதவை மெதுவாக மூடிப் பாருங்கள். கடைசி அரை அங்குலத்தில் மேக்னட் அதை உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கதவிலுள்ள இரும்புத் தகடு மேக்னட்டின் இரும்பு விளிம்பில் போய் மோதுவதுதான் அந்தச் சத்தம். மேக்னட் பலமாக இருக்க இருக்கச் சத்தமும் கூடும். நன்றாகப் பிடிக்கும் என்று கடையில் சொன்னதை நம்பி எங்கள் வீட்டு லாஃப்டுக்கு இரட்டை மேக்னட் வாங்கினேன். மூடினால் அடி, திறந்தால் அடி. இழுத்து இழுத்துக் கைப்பிடியின் ஸ்குரூவே தளர்ந்துவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கதவின் உள்பக்கம், கைப்பிடி இருக்கும் ஓரத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஒட்டும் ரப்பர் பம்பர் ஒட்டுங்கள். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் போதும். அப்புறம் மேக்னட் பெட்டியைப் பாருங்கள். ஸ்குரூ ஓட்டை நீளவாட்டில் இருக்கும். ஸ்குரூவைத் தளர்த்தி, பெட்டியை அரை நூல் (சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்) உள்ளே தள்ளி, மறுபடி முடுக்குங்கள். இனி தகடு மேக்னட்டைத் தொடாது. கதவு ரப்பரில் போய் உட்காரும். அந்தச் சின்ன இடைவெளியிலும் மேக்னட் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கும் அடங்காவிட்டால் கட்டைவிரல் நீளத்தில் பிஸ்டன் டேம்பர் தனியாகக் கிடைக்கிறது. அலமாரியின் உள்பக்கம் ஸ்குரூ போட்டு மாட்டிவிடலாம். கதவு அதன் முனையில் பட்டு மெல்ல அமரும். எப்போதாவது சாஃப்ட் க்ளோஸ் கீலே போட்டால் அந்தக் கதவிலிருந்து மேக்னட்டைக் கழற்றிவிடுங்கள். கீல் நிதானமாக மூடப் பார்க்கும், மேக்னட் வெடுக்கென்று இழுக்கும், பழைய சத்தமே திரும்பி வரும்.

மேக்னட்டில் தேங்காய் எண்ணெய் தடவினால் சத்தம் குறையுமா?
– வாசகர், குடியாத்தம்

குறையாது. தூசிதான் ஒட்டும். துடைத்துவிடுங்கள்.

கைப்பிடி இல்லாத கதவு அழகாக இருக்கும் என்று ஆன்லைனில் மொத்தமாக புஷ் லாட்ச் வாங்கினேன். சாஃப்ட் க்ளோஸ் கீல் ஏற்கெனவே மாட்டியாயிற்று. அழுத்தினால் கதவு கொஞ்சம் வெளியே வந்து மறுபடி மூடிக்கொள்கிறது. திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது. விற்றவர் மீது புகார் கொடுக்கலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

எதற்குப் புகார்? லாட்ச் தன் வேலையைச் செய்கிறது, கீலும் தன் வேலையைச் செய்கிறது. லாட்ச் வெளியே தள்ளும். ஸ்பிரிங் கீல் உள்ளே இழுக்கும். புஷ் லாட்சுக்கு ஸ்பிரிங் இல்லாத கீல்தான் தோது. ஒன்றை வாங்கி ஒரு கதவில் மாட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மொத்தமாக வாங்கிவிட்டு, கெடு முடிகிறவரை பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தது உங்கள் தவறு. கைப்பிடி போடுங்கள். சாஃப்ட் க்ளோஸைக் கழற்றாதீர்கள், வீட்டுக்கு அதுதான் நல்லது.

தாத்தா கட்டிய வீட்டில் தேக்குச் சட்டம் போட்ட சுவர் அலமாரி. மழைக்காலத்தில் கதவு இறுகி, தட்டி மூட வேண்டியிருக்கிறது. இழைத்துவிட்டு புதுக் கீல் போடச் சொல்கிறார் ஆசாரி.
– வாசகி, ஆற்காடு

இரண்டும் வேண்டாம். ஐப்பசி மழையில் ஊறிப் பருத்த கதவை அப்போதே இழைத்தால், அக்னி நட்சத்திரத்தில் அது சுருங்கும்போது விரல் நுழையும் சந்து விழும். பங்குனி வரை பொறுங்கள். அப்போதும் உரசினால், உரசும் இடத்தை மட்டும் இழைத்து, பலகையின் ஓரங்களுக்கும் வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள். முகப்பில் மட்டும் அடித்தால் ஈரம் ஓரம் வழியாக ஏறும். புதுக் கீலுக்கு 35 மில்லிமீட்டர் அகலத்தில் குழி தோண்ட வேண்டும். மெல்லிய தேக்குச் சட்டம் அதைத் தாங்காது. பித்தளைக் கீல் அப்படியே இருக்கட்டும். கதவு மோதும் இடத்தில் கம்பளித் துணிப் பட்டை ஒட்டி, கதவைப் பிடித்து நிறுத்த நைலான் ரோலர் கேட்ச் ஒன்று போடுங்கள். இரும்புக் குண்டு வைத்த பால் (ball) கேட்ச் வேண்டாம், அந்தக் குண்டு ‘க்ளிக்’கென்று சத்தம் போடும்.

பெங்களூர் இன்டீரியர் காரரிடம் ‘ஹார்ட்வேர் உட்பட’ என்று சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம். எல்லாக் கதவும் சாஃப்ட் க்ளோஸ் என்று வாட்ஸாப்பில் சொன்னார். பணம் முழுதும் கொடுத்தபின் பார்த்தால் நாலு அங்குலம் திறந்து கையை விட்டாலே படாரென்று அடிக்கிறது. கீலில் பெயரே இல்லை. இப்போது போனை எடுப்பதில்லை.
– வாசகி, சத்துவாச்சாரி

உங்கள் மேல் தவறில்லை அம்மா. எழுத்தில் வாக்குக் கொடுத்து வேறொன்றை மாட்டியிருக்கிறார். வாட்ஸாப் செய்தி, பணம் அனுப்பிய பதிவு, கீலின் போட்டோ, கதவு அடிக்கும் வீடியோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அசையாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். அவர் பெங்களூரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வீடு கட்டுகிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ‘ஹார்ட்வேர் உட்பட’ என்ற இரண்டு வார்த்தைகளை நம்பி எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தர முத்திரை) இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்கிறோம். கீலின் பெட்டியைக் கேட்பதே இல்லை. ஒப்பந்தக்காரர் மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். லேமினேட் பளபளப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும், கீல் கதவுக்குப் பின்னால் இருக்கும். கம்பெனிப் பெயர், மாடல், ஒரு கதவுக்கு எத்தனை கீல், அதில் எத்தனை சாஃப்ட் க்ளோஸ் என்று எழுதி வாங்குங்கள். ஏழடிக் கதவில் நாலு கீல் இருந்தால் நாலுமே சாஃப்ட் க்ளோஸாக இருக்க வேண்டியதில்லை. நாலும் அப்படிப் போட்டால், லேசான கதவு முழுதாக மூடாமல் நின்றுவிடும். இரண்டு போதும், ஆனால் அந்த இரண்டு உண்மையாக இருக்க வேண்டும். சீல் வைத்த பெட்டி வீட்டுக்கு வந்து, உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். எம்.ஆர்.பி.யும் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரியும் அதில் அச்சாகியிருக்கும். டப்பாவில் உதிரியாகக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். கடைசித் தவணையை ஒவ்வொரு கதவையும் திறந்து கையை விட்டுப் பார்த்தபின் கொடுங்கள்.

சத்துவாச்சாரி அம்மா, நோட்டீஸுக்குப் பதில் வந்தால் நகலை எனக்கு அனுப்புங்கள். மனு எழுத உதவுகிறேன்.

சாஃப்ட் க்ளோஸில் எந்தக் கம்பெனி நல்லது?
– வாசகர், வாணியம்பாடி

முதலில் உங்கள் கதவு எப்படி உட்கார்கிறது என்று பாருங்கள். கிராங்க் என்பது கீலின் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்ற கணக்கு. கதவு பக்கப் பலகையை முழுதாக மூடினால் ஜீரோ கிராங்க், பாதி மூடினால் எட்டு, சட்டத்துக்கு உள்ளே அடங்கினால் பதினாறு. கிராங்க் தப்பினால் எந்தக் கம்பெனிக் கீலும் கதவை மூடாது. அளந்துவிட்டு எழுதுங்கள்.