தனித் தட்டு எதற்கு?

கேள்வி: குமுளியில் ஜீப் ஓட்டுகிறேன், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேலை. அக்காவும் மச்சானும் எச்.ஐ.வி.யால் இறந்துவிட்டார்கள். 14 வயது மகளும் 9 வயது மகனும் கம்பத்தில் என் அம்மாவிடம் வளர்கிறார்கள். பையனுக்கும் தொற்று இருக்கிறது, தேனியில் மாத்திரை வாங்குகிறோம். அம்மா அவனுக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறார். அடிக்கடி லீவு போடுவதால் டீச்சர் காரணம் கேட்கிறார். போதாக்குறைக்கு மச்சானின் தம்பி வீட்டுப் பத்திரத்தைக் கேட்டு நச்சரிக்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், குமுளி

பதில்: தம்பி, முதலில் அந்தத் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கச் சொல்லுங்கள். எச்சில், தட்டு, டம்ளர், ஒரே பாயில் படுப்பது, எதனாலும் இது ஒட்டாது. ஒரு வீட்டில் பையனின் டம்ளருக்கு அடியில் நகப்பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன், அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தப் பொட்டு மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது.

பள்ளியில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 'மருத்துவமனைக்குப் போகிறான்' என்று லீவு லெட்டர் எழுதினால் போதும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுப்பதோ ஒதுக்கி வைப்பதோ கூடாது, விஷயம் தெரிந்தவர்கள் உங்கள் தரப்புச் சம்மதமில்லாமல் அதை வெளியே சொல்லவும் கூடாது. ஆனால் டீச்சர் நல்ல மனுஷி, விஷயம் தன்னோடு நிற்கும் என்று உங்களுக்கே தோன்றினால், ஒருவருக்குத் தெரிந்திருப்பது பையனுக்குத் துணைதான். அதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள், பள்ளி அல்ல.

மாத்திரையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடிக்கடி தப்பினால் வைரஸ் மருந்துக்குப் பழகி, பிறகு வேறு மருந்து தேட வேண்டிவரும். நீங்கள் விடிகாலையில் ஜீப்பை எடுத்துவிடுவீர்கள், அம்மாவுக்கு மறதி, அப்புறம் யார் பார்ப்பது? பெரும்பாலும் அக்கா மகள்தான் தம்பிக்கு மாத்திரை கொடுப்பாள் என்று நினைக்கிறேன். அதே சட்டம், 12 வயது முடிந்து, விவரம் தெரிந்து, குடும்பப் பொறுப்பைப் பார்க்கும் மூத்த பிள்ளை, தம்பி தங்கையின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, சிகிச்சை இவற்றுக்குக் காப்பாளராகக் கையெழுத்துப் போடலாம் என்கிறது. பலருக்கு இது தெரியாது, அலுவலகங்களில் இருப்பவர்கள் உட்பட.

பத்திரத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் அதைப் பாதுகாப்பாக ஒப்படைக்கலாம், பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியேற்றப் பார்த்தால் புகாரும் அங்கேயே கொடுக்கலாம். வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். நோய் பற்றிய சந்தேகத்துக்கு 1097. இரண்டுமே இலவசம்.

குமுளி கேரளத்தில் இருந்தாலும், பிள்ளைகள் கம்பத்தில் இருப்பதால் தமிழ்நாட்டு உதவியைத்தான் கேட்க வேண்டும். எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இங்கே அரசு அறக்கட்டளை ஒன்று இருக்கிறது, படிப்புக்கும் சத்தான சாப்பாட்டுக்கும் கொடுக்கிறார்கள். பையனுக்கு மாத்திரை தரும் தேனி ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்து ஆலோசகரிடம் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். எச்.ஐ.வி. உள்ளோர் சங்கத்தையும் அவரே காட்டிவிடுவார், அங்கே இதே கதையைக் கடந்து வந்த தாய்மார்கள் இருப்பார்கள், உங்கள் அம்மா அவர்கள் பேச்சைத்தான் கேட்பார்.

பையனுக்கு 9 வயது, 'எனக்கு மட்டும் எதற்கு மாத்திரை?' என்று கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. 'சளி மாத்திரை' என்று பொய் சொல்லாமல், 'உன் ரத்தத்தில் ஒரு கிருமி தூங்குகிறது, அதை எழுப்பாமல் வைக்கிற மருந்து' என்று ஆரம்பியுங்கள், பெயரை ஆலோசகரின் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம். அடுத்த தடவை தேனிக்குப் போகும்போது அக்கா மகளையும் கூட்டிப் போங்கள், அவளுக்கும் ஒருநாள் லீவு போனால் போகட்டும்.