‘பார்த்தான்’ வரிக்கு வரி வருகிறதா?

1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைப் புரட்சியை வைத்து எழுதும் நாவலில் ‘பார்த்தான்’ வரிக்கு வரி வருகிறது, நோக்கினான், கண்ணுற்றான் என்று மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், சிப்பாய் திடீரென்று புலவராகிவிடுவான். ‘மதில்மேலிருந்து அகழியைப் பார்த்தான், தண்ணீர் அசையாமல் கிடந்தது’ என்பதில் முதல் பாதியை வெட்டிவிடுங்கள், அவன் கண் வழியாகத்தானே நாமே பார்க்கிறோம். ‘கதவைத் தள்ளிப் பார்த்தான்’ வேறு, அது முயற்சி, அதைத் தொடாதீர்கள். அப்புறம், புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வருவதைப் பார்க்கிறானே, அங்கே கட்டாயம் இருக்கட்டும், அந்தப் பார்வையில்தான் கதையே திரும்புகிறது. முன்னால் பத்து இடத்தில் எடுத்தால்தான் அந்த ஒன்று உறைக்கும்.