பிள்ளை அனுப்பிய படத்துக்கு இடமில்லையா?

கேள்வி: என் மகன் அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். ‘ஹார்ப்’ என்ற ரேடியோ நிலையத்தில் வேலை. துருக்கி நிலநடுக்கத்துக்கே அதுதான் காரணம் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் கொழுந்தன் தினம் ஒரு வீடியோ போடுகிறார். பேசி வைத்திருந்த பெண் வீட்டார் இப்போது யோசிக்கிறார்கள். அவனும் அந்த இடத்தைப் படமெடுத்து அனுப்பினான். போனில் இடமில்லாமல் அழித்துவிட்டேன். படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: கொழுந்தனின் வீடியோக்களுக்கு இருந்த இடம், பெற்ற பிள்ளை அனுப்பிய படத்துக்கு இல்லாமல் போய்விட்டதா? இதை எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்!

அந்தப் படத்தில் என்ன இருந்திருக்கும் என்று நான் சொல்கிறேன். ககோனா என்ற சிற்றூர் பக்கம், 33 ஏக்கரில் வரிசை வரிசையாக 180 ஆன்டெனாக்கள். மொத்தம் 36 லட்சம் வாட். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ரேடியோ அலைகள் வேலை செய்வது 80 கிலோமீட்டருக்கும் மேலே, மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கான அயனி மண்டலத்தில். மழைக்கும் இதுதான் காரணம் என்று யாராவது சொன்னால், மழை மேகமெல்லாம் 20 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அங்கே இவை எதையும் சூடாக்காமல் கடந்து போய்விடும். கருவியை நிறுத்தினால் மேலே உண்டான மாற்றமும் சில நிமிடங்களுக்குள் மறைந்துவிடும். துருக்கியில் 2023-இல் நழுவியது பூமிக்கடியில் இருக்கும் பாறைத் தட்டு. அதற்கு ஆன்டெனா என்ன செய்யும்?

சந்தேகம் சும்மா முளைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவப் பணத்தில் கட்டிய நிலையம் அது. 2015-இல்தான் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. ராணுவம் வேலி போட்டால் ஊர் நாலு விதமாகப் பேசத்தான் செய்யும். இப்போது கதவைத் திறந்து பொதுமக்களுக்கே சுற்றிக் காட்டுகிறார்கள்.

உங்கள் மகனுக்கு ஆபத்து ஆன்டெனாவால் இல்லை. 2016-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இரண்டு பேர் இந்த நிலையத்தைத் தாக்கத் திட்டம் போட்டு, குவியலாகத் துப்பாக்கிகளோடு பிடிபட்டார்கள். அவர்கள் நம்பியதும் இப்படிப்பட்ட கதைகளைத்தான். உங்கள் வீட்டு குரூப்பில் அதே கதை ஓடுகிறது, நீங்கள் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறீர்கள். கொழுந்தன் உங்களுக்கு இளையவர்தானே? அண்ணி அதட்டினால் கேட்க வேண்டியவர். பிள்ளையைப் பழிக்கும்போது வாய் திறக்காத தாய், அவனைப் படிப்பை விடச் சொல்ல மட்டும் எந்த உரிமையில் வருகிறார்?

ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிடும்போது சாப்பாட்டை மட்டும் விசாரிக்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள். புரியவில்லையென்றால் திரும்பவும் கேளுங்கள். அவன் சொன்னதை உங்கள் வாயால் குரூப்பில் பேசிப் போடுங்கள். பெண் வீட்டாருக்கு அவன் நம்பரைக் கொடுங்கள், நேராகவே கேட்கட்டும். அதற்கும் தயங்கினால், சரி, வேறு இடம் பாருங்கள்.