மூக்கில் சளியே இல்லை, ஆனால் ஸ்கேனில் சைனஸ் அடைப்பு: என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 46 வயது. மூன்று மாதமாக உச்சந்தலையிலும் இடது கண்ணுக்குப் பின்னாலும் வலி. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு வலியே எழுப்பிவிடுகிறது. சளி, தும்மல் எதுவும் இல்லை. தலையில் நீர் கோத்திருக்கிறது என்று மாமியார் நீர்க்கோவை மாத்திரை உரசி நெற்றியில் பற்றுப் போட்டார். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை சாப்பிட்டேன், கண்ணாடியையும் மாற்றினேன். கடைசியில் மூளைக்கு எடுத்த சிடி ஸ்கேனில், இடது ஸ்பீனாய்டு சைனஸ் முழுவதும் அடைத்திருக்கிறது, நடுவில் அடர்த்தியான வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன என்று வந்திருக்கிறது. இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் போதும் என்கிறார் ஒரு டாக்டர். ஆபரேஷன்தான் என்கிறார் இன்னொருவர். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மூளைக்குப் பக்கம் என்கிறார்கள், பயமாக இருக்கிறது. கணவர் துபாயில் இருக்கிறார், அடுத்த மாதம்தான் வருவார். அதுவரை தள்ளிப்போடலாமா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் என் கண் முதலில் நின்றது அந்த வெள்ளைப் புள்ளிகளில்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன், மூக்கில் ஒன்றுமே இல்லாமல் சைனஸ் எப்படிக் கெடும் என்ற உங்கள் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

சைனஸ் என்றால் நாம் கன்னத்தையும் நெற்றியையும் தொட்டுக் காட்டுவோம். ஸ்பீனாய்டு அங்கே இல்லை. மூக்குத் துவாரத்திலிருந்து பின்னோக்கிச் சுமார் 7 சென்டிமீட்டர் போனால், மண்டையின் அடித்தளத்தில், கிட்டத்தட்ட தலையின் நடு மையத்தில் இருக்கிறது அந்தக் காற்றறை. அதன் கூரைக்கு மேலே பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. பக்கச் சுவரை ஒட்டிப் பார்வை நரம்பும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும் போகின்றன. அவற்றை ஒட்டியே கேவர்னஸ் சைனஸ் இருக்கிறது. பெயரில் சைனஸ் இருந்தாலும் அது காற்றறை இல்லை, அசுத்த ரத்தம் தேங்கிப் போகும் குளம். கண்ணை அசைக்கும் நரம்புகள் அதன் வழியாகத்தான் போகின்றன. இத்தனைக்கும் நடுவே இருக்கும் எலும்பு பல இடங்களில் முட்டை ஓடு போல மெல்லியது. சிலருக்குச் சில இடங்களில் எலும்பே இருக்காது, வெறும் சவ்வுதான்.

இந்த அறையின் வாசல் ஒரு சின்னத் துளை. அது திறப்பது மூக்கின் பின்கோடியில். அதனால் சீழ் வந்தாலும் முன்னால் வடியாது, தொண்டைப் பக்கம் இறங்கும், நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுவோம். வாசல் முழுக்க அடைத்துவிட்டால் அதுவும் கிடையாது. மிஞ்சுவது வலி மட்டும்தான். அதுவும் அந்த இடத்தில் தெரியாது. நரம்புகளின் பங்கீடு அப்படி. உச்சந்தலையில், கண்ணுக்குப் பின்னால், சிலருக்குப் பிடரியில் போய் வலிக்கும். நீங்கள் கையை வைத்துக் காட்டும் இடம் அப்படியே இதற்குப் பொருந்துகிறது.

மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி, என்று நினைத்து மாத்திரை கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். நடைமுறையில் தவறு பெரும்பாலும் எதிர்த் திசையில்தான் நடக்கிறது. தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பிக்கொண்டிருந்த ஏறக்குறைய 3000 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 88 சதவீதம் பேரின் தலைவலி மைக்ரேன் வகை. ஆகவே முதலில் மைக்ரேனை நினைப்பது சரியான கணக்குதான். ஆனால் மைக்ரேன் பொதுவாக வந்து போகும், நடுவில் நல்ல நாட்கள் இருக்கும். முன்பு தலைவலியே இல்லாதவருக்கு நாற்பதைத் தாண்டிப் புதிதாக வந்த வலி, நாளுக்கு நாள் கூடுகிற வலி, குனிந்தாலும் இருமினாலும் ஏறுகிற வலி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வழக்கமான மாத்திரைக்கு மசியாத வலி, இப்படி இருந்தால் ஸ்கேன் வேண்டும். சாதாரண சைனஸ் எக்ஸ்ரேயை நம்பி உட்காரக் கூடாது. ஸ்பீனாய்டின் மேல் மற்ற எலும்புகளின் நிழல் விழுவதால் அதில் நோய் தப்பிவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேறு எதற்கோ மூளை ஸ்கேன் எடுத்து, ஸ்பீனாய்டில் சவ்வு லேசாகத் தடித்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் பதற வேண்டாம். சாதாரண ஜலதோஷத்திலேயே அப்படித் தெரியும், அதற்கு மருந்தும் தேவையில்லை. ஒரு பக்கத்து ஸ்பீனாய்டு மட்டும், அதுவும் முழுசாக, அடைத்திருப்பது வேறு கதை. அதை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

சரி, உங்கள் வெள்ளைப் புள்ளிகள். சிடியில் சாதாரணச் சீழும் சளியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல வெள்ளையாகத் தெரிந்தால், முதலில் நினைக்க வேண்டியது பூஞ்சை உருண்டை. மூச்சுக் காற்றோடு போன பூஞ்சை வித்து, பெரும்பாலும் ஆஸ்பர்ஜிலஸ், காற்றோட்டம் இல்லாத அறையில் தங்கி மெதுவாக வளர்ந்து கட்டியாகத் திரளும். கால்சியமும் உலோக உப்புகளும் அதில் படிவதால் அந்த வெள்ளை. நடுவயதுப் பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். ஆபரேஷனில் வாசலைத் திறந்ததும் வெளியே வருவது களிமண்ணையும் சாணியையும் சேர்த்துப் பிசைந்தது போன்ற பச்சையும் பழுப்புமான பொருள். சில சமயம் உதிர்ந்து வரும், சில சமயம் ஒரே உருண்டையாக வரும். அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. நீங்கள் விழுங்கும் மாத்திரை ரத்தம் வழியாகத்தான் போக வேண்டும். ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்?

அதனால்தான் இரண்டு வார ஆன்டிபயாட்டிக் உங்களுக்குப் போதாது என்று நினைக்கிறேன். அந்த யோசனை எங்கே சரி என்றும் சொல்லிவிடுகிறேன். நாலைந்து நாளாகக் காய்ச்சலும் தலைவலியும், மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் குழாயில் பார்த்தால் பின்னால் சீழ் இறங்குகிறது, ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி இல்லை என்றால் அது பாக்டீரியாவால் வந்த புதுத் தொற்று. நிமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்றவைதான் காரணமாக இருக்கும். அதற்கு அமாக்சிசிலின் கிளாவுலனேட் மாதிரி மருந்தை முழு அளவில் பத்து, பதினான்கு நாள் கொடுக்கிறோம். வலி கடுமையாக இருந்தால் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டு ரத்த நாளத்தில் ஊசியாகவே போடுகிறோம். அதோடு மூக்கடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு, ஐந்து நாளுக்கு மேல் போகாமல். இப்படிச் செய்தும் இரண்டு நாளில் திருப்பம் தெரியவில்லை என்றால் வாசலைத் திறந்துவிடுவதுதான் நல்லது. மற்ற சைனஸ்களில் காத்திருப்பது போல இங்கே வாரக்கணக்கில் மருந்தை மாற்றி மாற்றிப் பார்க்கக் கூடாது.

உங்களுக்கு இப்போது ஆக வேண்டியது மூன்று. முதலாவது எண்டோஸ்கோப் பரிசோதனை. மூக்கில் மரப்பு மருந்து நனைத்த பஞ்சு வைத்துவிட்டு, பென்சிலை விட மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். இரண்டாவது, மூக்குக்கும் சைனஸுக்குமாக மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சிடி. மூளைக்கு எடுத்த ஸ்கேனில் அறையின் சுவர் நுணுக்கமாகத் தெரியாது. நாள்பட்ட பூஞ்சை உருண்டை என்றால் சுற்றியுள்ள எலும்பு தடித்திருக்கும். எலும்பு அரித்திருந்தால் என் கவலை வேறு பக்கம் போகும், கட்டியோ, ஊடுருவும் பூஞ்சையோ என்று. அதைப் பிரித்துப் பார்க்க மூன்றாவதாக, மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் அதற்கு முன் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ மட்டும் எடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. பூஞ்சை உருண்டை எம்ஆர்ஐயில் சில படங்களில் காற்றைப் போலவே கறுப்பாகத் தெரியும். நிறைந்து கிடக்கும் அறை காலியாக இருப்பது போல ஏமாற்றும்.

சர்க்கரை என்றதும் 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் வந்த கருப்பு பூஞ்சை உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். உங்கள் பயம் அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது மியூக்கர் வகை. திசுவுக்குள்ளும் ரத்தக் குழாய்க்குள்ளும் புகுந்து நாட்கணக்கில் பரவும், முகம் வீங்கும், கன்னம் மரத்துப்போகும், அண்ணம் கறுக்கும். மூன்று மாதம் வலி மட்டும் இருந்து, ஆள் நடமாடிக்கொண்டிருப்பது அதன் குணம் இல்லை. ஆனாலும் சர்க்கரை உள்ளவர்களிடம் மெதுவாக ஊடுருவும் பூஞ்சையும் உண்டு. அதனால் அறையில் எடுக்கும் பொருளோடு சவ்விலும் ஒரு துண்டு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். சவ்வுக்குள் பூஞ்சை நுழையவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் சுத்தம் செய்ததே வைத்தியம், பூஞ்சை மாத்திரை தேவையில்லை. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். அவை கல்லீரலைப் பதம் பார்ப்பவை. நுழைந்திருந்தால் மட்டும் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி ஊசி, அதன் பிறகு மாதக்கணக்கில் மாத்திரை என்று போக வேண்டியிருக்கும்.

இடைப்பட்ட நாட்களில் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மெடிக்கல் ஷாப்பில் தலைவலிக்கென்று காகிதத்தில் மடித்துத் தரும் கலவை மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாள் வலி மாயமாகும். சர்க்கரை எகிறும், பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதை நான் தடுக்க மாட்டேன், இதமாக இருக்கும். ஆனால் அந்த ஆவி ஸ்பீனாய்டு வரை போவதில்லை.

ஆபரேஷன் பற்றி. வெளியே ஒரு கீறலும் இருக்காது. முழு மயக்கம் கொடுத்து, மூக்குத் துவாரம் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, இயற்கையான வாசலையே அகலப்படுத்தி உள்ளே இருப்பதை உறிஞ்சி, கழுவி எடுப்போம். பூஞ்சை உருண்டை என்றால் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம். பிட்யூட்டரி கட்டியை எடுக்கும் நரம்பியல் அறுவை நிபுணர்கள் தினமும் போகிற பாதையும் இதே அறை வழியாகத்தான். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கரோட்டிட்டிலோ பார்வை நரம்பிலோ காயம் படுவது மிக அரிது, பட்டால் பெரிது. அறைக்குள் இருக்கும் நடுச் சுவர் சிலருக்கு நேராகக் கரோட்டிட்டின் எலும்பிலேயே போய் ஒட்டியிருக்கும். அதை முறுக்கி இழுத்தால் தமனி கிழியலாம். முன்கூட்டியே சிடியில் பார்த்துவிட்டால் அந்தச் சுவரைத் தொடாமலே வேலையை முடிக்கலாம். உங்கள் டாக்டரிடம் ஸ்கேனைக் காட்டி, கரோட்டிட் எங்கே போகிறது, பார்வை நரம்பின் மேல் எலும்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அடிக்கடி இந்த ஆபரேஷன் செய்கிறவர் படத்திலேயே விரலை வைத்துக் காட்டுவார். முன்னதாகச் சர்க்கரையை ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள், தேவைப்பட்டால் சில வாரத்துக்கு இன்சுலினுக்கு மாறியாவது.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் மூளையைத் தின்னும் அமீபா இருக்க வாய்ப்புண்டு. குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால், உப்புக் கரித்தால், அது மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

இனி, கணவர் வரும்வரை தள்ளலாமா? பரிசோதனைகளைத் தள்ளாதீர்கள், இந்த வாரமே முடியுங்கள். எலும்பு அரிப்பு இல்லை, பூஞ்சை உருண்டைதான் என்று தெரிந்தால் ஆபரேஷனுக்கு மூன்று, நான்கு வாரம் காத்திருக்கலாம், கண் நன்றாக இருக்கும் வரை. அதை நீங்களே தினமும் சோதித்துக்கொள்ள முடியும். காலையில் தினசரி காலண்டர் முன் நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் சின்ன எழுத்தைப் படியுங்கள். பிறகு குங்குமச் சிமிழை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். இடது கண்ணுக்கு மட்டும் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு அழுத்தப்படுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பல சமயம் எழுத்து மங்குவதற்கு முன்பே நிறம் மங்கும். என்னிடம் வந்த ஒரு தையல்கார அம்மா, ஊசியில் நூல் கோக்க ஒரு வாரமாக ஒரு கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னார். தலைவலிக்காக வந்தவர், அதை ஒரு நோயாகவே நினைக்கவில்லை. பார்த்தால் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு செயலிழந்திருந்தது. அன்று இரவே ஆபரேஷன் செய்தோம்.

அதனால் ஒன்று இரண்டாகத் தெரிவது, சிவப்பு வெளிறுவது, இமை தொங்குவது, கண் பிதுங்குவது, நெற்றியோ கன்னமோ மரத்துப்போவது, குளிர் காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். கண் பிரிவும் காது மூக்கு தொண்டைப் பிரிவும் சேர்ந்து இருக்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அந்த நேரமே போங்கள். ஸ்கேன் படங்களை ஒரு பையில் போட்டு வாசலருகே வைத்திருங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படமோ, அது பதிந்த டிஸ்க்கோ கையில் வேண்டும். கணவருக்கும் இன்றே போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், முன்கூட்டி வர முடிந்தால் வரட்டும்.