ராணி அரண்மனையில காந்தி எதுக்கு? – கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம். லீவுக்கு மதுரை வந்தப்ப மங்கம்மா அரண்மனைன்னு சொல்லித்தான் பொண்ண காந்தி மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். உள்ள ராணியோட பொருள் ஒண்ணு கூட கண்ணுல படல, எல்லாம் காந்தி படம். நாயக்கர் மகால் மாதிரி பிரமாண்டமும் இல்ல. கடைசியா அந்த ரத்தக் கறை துணிய பாத்துட்டு நாலாவது படிக்கிற பிள்ள ராத்திரி தூங்குற வரைக்கும் அதையே கேட்டுட்டு இருந்தா. அரண்மனைய அரண்மனையாவே விட்டிருக்கக் கூடாதா? அந்தத் துணிய பிள்ளைங்க பாக்கற மாதிரி வெக்கணுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

தம்பி,

மங்கம்மாவ பாக்கணும்னா ஜங்ஷன விட்டு வெளிய வந்ததுமே எதிர்த்தாப்புல சத்திரம் நிக்குதே, அங்க பாருங்க. 1689ல இருந்து பேரனுக்காக பதினஞ்சு பதினாறு வருசம் நாட்ட ஆண்ட அம்மா, ரோடு போட்டு சத்திரம் கட்டி விட்டது பூரா வழிப்போக்கங்களுக்குத்தான், இன்னைக்கும் தெக்க மங்கம்மா சாலைன்னு சொல்ற ஊருங்க இருக்கு. நீங்க பாத்த மியூசியம் இருக்கற தமுக்கம் அவங்க கோடைக்கு வந்து தங்குற மாளிகை, அங்க இருந்து யானைச் சண்டை பாப்பாங்கன்னு சொல்வாங்க, அத 1636ல கட்டுன மகாலோட வெச்சு அளக்கவே கூடாது. பின்னாடி அது நவாப் கைக்குப் போயி, கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயி, கலெக்டர் பங்களாவா ரொம்ப காலம் இருந்துச்சு. ராணி சாமான் எதுவும் மிஞ்சாம போனதுக்கு காந்தி என்ன பண்ணுவாரு? 1955ல அரசாங்கம் இடத்த குடுத்துச்சு, 1959 ஏப்ரல் 15ம் தேதி நேரு வந்து மியூசியத்த தொறந்து வெச்சாரு. கலெக்டர் குடியிருந்த வீட்டுக்குள்ள இப்ப வெள்ளக்காரன எதிர்த்து நின்ன கதைய சுவர் சுவரா படிச்சுட்டு ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா போகுது, எனக்கு அதுல அவ்ளோ சந்தோசம்.

துணிக்கு வர்றேன். 1921 செப்டம்பர்ல காந்தி மதுரைக்கு வர்ற வழியில ரயில்ல ஜனங்ககிட்ட கதர் கட்டச் சொல்லி பேசிட்டு வர்றாரு, வாங்குறதுக்கு எங்ககிட்ட காசு ஏதுய்யான்னு கேக்குறாங்க. அது அவர உலுக்கிருச்சு. மேலமாசி வீதியில ஒரு வீட்டு மாடியில ராத்தங்குனவரு, 22ம் தேதி காலையில சட்டையும் தொப்பியும் இல்லாம முழங்கால் வரைக்கும் ஒரு துண்டோட வெளிய வர்றாரு. இதுல நான் திரும்பத் திரும்ப நெனைக்கிற விசயம் ஒண்ணு, அன்னைக்கு அவர் அக்டோபர் 31 வரைக்கும்னுதான் சொன்னாரு. ஒரு மாசத்துக்கு கொஞ்சம் மேல. அது 1948 ஜனவரி 30 வரைக்கும் போச்சு. அந்தக் கடைசி நாள் துணிதான் தம்பி உங்க பொண்ணு பாத்தது. அந்த உடைய அவர் கட்ட ஆரம்பிச்ச வீடு வைகைக்கு தென்கரையில, கடைசி துணி வடகரையில, ரெண்டும் ஒரே ஊருல. வேற எந்த ஊருக்கு இது வாய்ச்சிருக்கு? இதுக்கு மேல அவர் தமுக்கத்துல இருக்க என்ன உரிமை வேணும்? மதுரையோட அவருக்கு இன்னொரு பந்தமும் உண்டு. எல்லாரையும் உள்ள விடாத கோயிலுக்கு நான் வரலன்னு இருந்தவரு, 1939ல மதுரை காங்கிரஸ்காரர் வைத்தியநாத அய்யர் தாழ்த்தப்பட்ட மக்கள கூட்டிட்டு மீனாட்சி கோயிலுக்குள்ள நொழஞ்ச பின்னாடி, 1946லதான் உள்ள போயி கும்பிட்டாரு.

அடுத்த தடவ வந்தா மொதல்ல மேலமாசி வீதிக்கு கூட்டிட்டுப் போங்க, அந்த வீட்டுல இப்ப கதர் கடை இருக்கு, பாப்பாவுக்கு ஒரு கர்ச்சீப்பாவது வாங்கிக் குடுங்க. அடுத்து காமராஜர் சாலையில, அந்தத் துண்டோட அவர் மொதல்ல ஜனங்க முன்னாடி நின்ன காந்தி பொட்டல், அதுக்கப்புறம் தமுக்கம். துணிக்கு முன்னால அவசரப்படுத்தாதீங்க. யார் சுட்டதுன்னு கேட்டா கோட்சேன்னு பேரச் சொல்லுங்க, ஏன் சுட்டான்னு கேட்டா அதையும் மழுப்பாம சொல்லுங்க, இந்துவும் முஸ்லிமும் ஒண்ணா இருக்கணும்னு சொன்னது அவனுக்குப் பொறுக்கலன்னு. நாலாவது படிக்கிற பிள்ளைக்கு அது நல்லாவே வெளங்கும்.