படியும் பெட்டகமும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் கீழக்கரை. உம்மா மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. வீடு பெண்பிள்ளைக்கு என்பது எங்கள் ஊர் வழக்கம், அதில் தகராறு இல்லை. சண்டையெல்லாம் உம்மாவின் தேக்குப் பெட்டகத்தால்தான். வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு அதற்குள் இருக்கிறது. எல்லாம் அரபுத்தமிழ். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் எடுத்து முகர்ந்து பார்ப்பேன். காக்கா பெட்டகத்தைக் காரைக்குடி வியாபாரியிடம் விலை பேசிவிட்டார். கடிதங்களைக் குப்பை என்கிறார். கூடப்பிறந்தவருக்கு இப்படியும் மனசு வருமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைப் படி இருக்கிறது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, மணல்மேட்டில் ஏறித் தப்பிய பாட்டியின் கையில் இருந்தது அது. ஏன் அதை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சித்தப்பா அதைப் புளி போட்டுத் துலக்கி ஷோகேஸில் வைக்கச் சொன்னார். அத்தை விடவில்லை, தினமும் அரிசி அளப்பது அதில்தான். விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. தலை தட்டும்போது அந்த இடத்தில் அவள் கை தானாகக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும்.

அப்பா அந்தப் படியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பழைய சாமான்மேல் பிடிப்பில்லாத ஆள் என்றே நினைத்திருந்தேன். அந்த ராத்திரி அவருக்கு ஒன்பது வயது, தம்பி ஒருவன் கரை சேரவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது.

உங்கள் காக்காவை எனக்குத் தெரியாது. ஆனால் வாப்பா ஊரில் இல்லாத வீட்டில் வளர்ந்த மூத்த பையன் அவர். உங்களுக்கு அந்தக் கட்டு வாப்பாவின் வாசனை. அவருக்கு அது, வாப்பா வராமல் கடிதம் மட்டும் வந்த வருடங்களாக இருக்கலாம். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பெட்டகம் போனால் போகட்டும் என்பது என் கட்சி. (கடல்காற்றில் தேக்கு நிற்கும், பூட்டும் கீலும்தான் துருப்பிடிக்கும். அதைக் காட்டியே வியாபாரி விலையைக் குறைப்பார், பார்த்துக்கொள்ளுங்கள்.) கடிதத்தை அப்படி விட முடியாது. அரபுத்தமிழ் என்பது அரபி எழுத்தில் எழுதிய நம் தமிழ்தான். அரபியில் இல்லாத ப, ள, ழ போன்ற ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்துச் செய்துகொண்டார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நூல்கள் எழுதியது உங்கள் ஊரில் இருந்துதான். தமிழ் எழுத்து தெரியாத பெண்கள்கூட அதைச் சரளமாகப் படித்த காலம் உண்டு. இப்போது படிக்கத் தெரிந்தவர்கள் அநேகமாக வயதானவர்கள். உங்கள் தெருவிலேயே ஒரு மாமி இருப்பார், விசாரியுங்கள். அவர் படிக்கப் படிக்கப் போனில் பதிவு செய்துவிடுங்கள். குண்டூசிகளைக் கழற்றுங்கள், துரு காகிதத்தைத் தின்றுவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

அப்புறம், படிக்கிற அன்றைக்குக் காக்காவையும் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் பதிவை அனுப்பிவையுங்கள். மூத்தவனை விசாரிக்காமல் எந்த வாப்பா கடிதம் எழுதியிருப்பார்?