காகிதக் கப்பல் மடிப்பது எப்படி? தண்ணீரில் விட்டதும் மூழ்காமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வியைப் படித்ததுமே உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. நாளைக் காலை காகிதக் கப்பல் கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். பிள்ளை அதை இரவுச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்த பிறகுதான் உங்களிடம் சொல்லியிருக்கும். நீங்கள் அவசரமாகத் தெருமுனைக் கடைக்கு ஓடி வண்ணத்தாள் பாக்கெட் ஒன்றை வாங்கிவந்து, கைபேசியைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்து, வீடியோவைப் பார்த்து மடித்திருப்பீர்கள். கப்பல் வந்திருக்காது. வந்திருந்தால் இங்கே கேட்டிருக்க மாட்டீர்கள்.

“இதற்கெல்லாம் ஒரு பதிலா, வீடியோ ஆயிரம் கிடக்கிறதே” என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீடியோவில் கை தெரியும், எந்தத் தாள் என்பது தெரியாது. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். மண்டிக்காரர்களுக்கும் வெள்ளிக் கடைக்காரர்களுக்கும் சிவப்புத் துணி ஒட்டிய பேரேடு கட்டிக் கொடுத்துத்தான் இரண்டு பெண்களைக் கரையேற்றினேன். மைதாப் பசையில் எவ்வளவு மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது என்பதையும், எந்தத் தாள் மடிப்பில் வெடிக்கும் என்பதையும் தொட்டுப் பார்த்தே சொல்வேன். கப்பலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, சேலத்தில் கடலும் இல்லை. தாளைப் பற்றிப் பேசலாம் அல்லவா?

முதலில் அந்த வண்ணத்தாள் பாக்கெட்டை ஓரமாக வையுங்கள். அது சதுரத் தாள். நீள அகலம் இரண்டும் ஒன்றாக இருக்கும் தாளை இரண்டாக மடித்து மேல் முனைகளை நடுவுக்குக் கொண்டுவந்தால், முக்கோணம் தாளை முழுவதும் தின்றுவிடும். கீழே பட்டை மிஞ்சாது. பட்டை இல்லாவிட்டால் இந்தக் கப்பல் இல்லை. ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். அதில் முக்கோணம் போகக் கீழே நான்கு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகப் பட்டை மிஞ்சும். நோட்டுப் புத்தகத் தாளும் நீளத்தாள்தான், சரியாக வரும்.

இனி மடிப்பு. தாளை நெட்டுவாக்கில் வைத்து, மேல் பாதியைக் கீழ்ப் பாதியின் மேல் படியுங்கள். மடிப்பு மேலே, திறப்பு கீழே. இடம் வலமாக ஒருமுறை மடித்து நடுக்கோடு விழுந்ததும் பிரித்துவிடுங்கள். மேல் முனைகள் இரண்டையும் அந்தக் கோட்டில் வந்து சேரும்படி மடித்தால் முக்கோணமும் அதன் கீழே பட்டையும் இருக்கும். முன் பட்டையை முன்பக்கம் மேலே ஏற்றுங்கள், பின் பட்டையைப் பின்பக்கம் ஏற்றுங்கள். தொப்பி வந்துவிட்டது. பிள்ளையின் தலையில் ஒருமுறை வைத்து எடுங்கள், அதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம்.

அடுத்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தொப்பியின் வாய்க்குள் இரண்டு கட்டை விரல்களையும் விட்டு, முன்னும் பின்னுமாக விரித்து, இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தொடும்வரை கொண்டுவந்து அமுக்க வேண்டும். முனையில் நிற்கும் சதுரம் கிடைக்கும். அப்போது பட்டைகளின் முனைகள் முட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றை மற்றொன்றின் அடியில் செருகிவிடுங்கள், சண்டை தீர்ந்தது. இப்போது கீழ் முனையை முன்பக்கம் உச்சிவரை மடியுங்கள், பின்பக்கமும் அப்படியே. மறுபடி கட்டை விரல்களை உள்ளே விட்டு விரித்து, மறுபடி சதுரமாக்குங்கள். உச்சியில் இரண்டு பக்கமும் தளர்ந்து நிற்கும் முனைகளைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தால் கப்பல் தானாக விரியும், நடுவில் கோபுரம் எழும்பும். வெடுக்கென்று இழுத்தால் கோபுரத்தின் அடியில் கிழியும்.

ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் நீவுங்கள். பட்டறையில் இதற்கென்று மூங்கிலைச் சீவி வழவழப்பாகத் தேய்த்து வைத்திருப்போம். வீட்டில் கரண்டியின் பின்பக்கம் போதும்.

இனி மூழ்கும் விஷயம். வெட்டோ ஒட்டோ இல்லாத ஒரே தாள் என்பதால் இந்தக் கப்பலில் ஓட்டை கிடையாது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி வர வேண்டும், அல்லது தாள் ஊற வேண்டும். பெரும்பாலும் ஊறித்தான் போகிறது. தாள் என்பது நார். நம் பக்கம் புகழூரில் இருக்கும் ஆலையில் கரும்புச் சக்கை நாரிலிருந்து செய்கிறார்கள், வேறு ஆலைகளில் மர நார். எந்த நாராக இருந்தாலும் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். எழுதும் தாளில் மை பரவக்கூடாது என்பதற்காக ஆலையிலேயே ரோசின் என்ற பைன் மரப் பிசின் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். மையைத் தடுப்பது தண்ணீரையும் கொஞ்ச நேரம் தடுக்கும். செய்தித்தாளுக்கு அந்தக் கவனிப்பு கிடையாது, அச்சு மையை அது உடனே உறிஞ்ச வேண்டும். ஆகவே தாளின் மூலையில் மைப்பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு கோடாகவே நின்றால் அந்தத் தாள் மிதக்கும். மை வேர் விட்டுப் பரவினால் வேண்டாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை, கண்ணால் பார்த்தது. மூத்த மகளை ஏற்காட்டில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. பேத்தி இரண்டாம் வகுப்பு. போன மழைக்காலத்தில் நான் அங்கே இருந்தபோது, ‘நீர்வழிப் போக்குவரத்து’ என்று தலைப்பிட்டு ஒரு கப்பலை அட்டையில் ஒட்டிவரச் சொல்லியிருந்தார்கள். என் பையில் பேரேட்டுத் தாள் மிச்சம் இருந்தது. பட்டறையில் வெட்டி மீந்த தாளை நான் எறிவதில்லை. இருபக்கமும் மைப்பேனாவால் எழுதினாலும் மறுபக்கம் தெரியாத தாள் அது. பேத்தியை மடியில் உட்காரவைத்து அவள் கையாலேயே மடிக்க வைத்தேன். மறுநாள் அந்தக் கப்பல் திரும்பி வந்தது. கூடவே நாட்குறிப்பில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘கோடு போட்ட தாள் கூடாது. வண்ணத்தில் செய்து அனுப்பவும்.’

குழந்தை தன் கையால் மடித்தது கூடாது, கடையில் வாங்கினால் கூடும். என் மகள் கடைக்குப் போய் நீலச் சார்ட் தாளில் செய்து வைத்திருந்த கப்பலை வாங்கி அனுப்பினாள், அதற்கு நட்சத்திரம் கிடைத்தது. ஆசிரியர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். என் மைத்துனியும் ஆசிரியைதான், நாற்பது பிள்ளைகளை மேய்ப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வயிறு எரிந்தது. எரிந்ததை எரிந்தது என்றுதானே சொல்ல முடியும்?

அந்த வாரமே மழைக்கு விடுமுறை விட்டார்கள். மகள் வீட்டு வாசலை ஒட்டிச் சரிவில் ஒரு வாய்க்கால் இறங்குகிறது. மழை நின்றதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நட்சத்திரம் வாங்கிய கப்பலை அட்டையிலிருந்து பிய்த்துக்கொண்டு பேத்தியும் வந்தாள், மற்றொரு கையில் பேரேட்டுக் கப்பல். பக்கத்து வீட்டுப் பையன் செய்தித்தாளில் பெரிதாக ஒன்று செய்து வைத்திருந்தான். செய்தித்தாள் கப்பல் முதல் திருப்பத்திலேயே இடுப்பொடிந்து படுத்துவிட்டது. சார்ட் தாள் கப்பல் ஊறவில்லை, ஆனால் தடித்த தாளின் மடிப்பு அமுங்கியே இருக்காது. விலகி விலகி அகலமாகி, ஒரு கல்லில் இடித்துக் கவிழ்ந்தது. பேரேட்டுக் கப்பல் சிறுபாலத்துக்குள் நுழைந்தது. பிள்ளைகள் மறுபக்கம் ஓடினார்கள். ஒரு சில்வர் ஓக் இலையைச் சுமந்துகொண்டு, ஒருபக்கம் சாய்ந்தபடி வெளியே வந்தது.

“தாத்தா, இது கிளியூர் அருவிவரைக்கும் போகுமா?” என்று அந்தப் பையன் கேட்டான். அருவிக்குத் தண்ணீர் ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிவதிலிருந்து வருகிறது, இந்த வாய்க்கால் காப்பித் தோட்டத்துக்குள் போகிறது என்று சொன்னேன். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அது ஏன் சாய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்று 5 கிராம்தான். பதினாறு தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிராம் கப்பல் 5 கிராம் தண்ணீரைத்தான் விலக்கும், ஆகவே தண்ணீரில் ஆழமாக இறங்காமல் மேலாகவே நிற்கும். நடுக்கோபுரம் உயரம் வேறு. காற்றடித்தால் சாயாமல் என்ன செய்யும்? கோபுரத்தின் இரண்டு பக்கமும் பள்ளத்தில் ஆளுக்கொரு புளியங்கொட்டை போடுங்கள், நிதானமாகும். நாணயம் போட்டால் கப்பலோடு அதுவும் போய்விடும்.

ஏற்காட்டிலாவது விட வாய்க்கால் இருக்கிறது. சேலத்தில் எங்கள் தெருவில் எங்கே விடுவது? பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை, அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன என் வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். ஒவ்வொரு மழைக்கும் வாசலில் மணல் மூட்டை. மூன்றுமுறை மனு கொடுத்தும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரி மட்டும்தான் வந்தது. போன ஐப்பசியில் தண்ணீர் பட்டறைக்குள் வந்து அடித்தட்டில் வைத்திருந்த ஒரு ரீம் தாளைக் கூழாக்கிவிட்டது. சாலை போட்ட ஒப்பந்தக்காரரிடம் போய்க் கேட்டால், “வீட்டைத் தூக்கிக்கொள்ளுங்கள், இப்போது அதற்கு ஜாக்கி வந்துவிட்டது” என்கிறார். இதை இங்கே எழுதி என்ன பயன் என்று நீங்கள் நினைக்கலாம். வேறெங்கே எழுதுவது?

சரி, உங்கள் பிள்ளைக்கு வருவோம். பள்ளியில் வண்ணம்தான் வேண்டும் என்றால் சார்ட் தாள் வாங்காதீர்கள். வெள்ளை ஏ4 தாளில் கப்பலை மடித்து முடித்துவிட்டு, மெழுகு கிரேயானைப் பிள்ளையிடம் கொடுத்து அடிப்பாகத்தையும் வெளிப்பக்கத்தையும் அழுத்தித் தீட்டச் சொல்லுங்கள். மடிப்பதற்கு முன் தீட்டினால் மெழுகு வழுக்கி, மடிப்பு நிற்காது. ஆசிரியைக்கு வண்ணம், தாளுக்கு மெழுகு, இரண்டும் ஒரே வேலையில் முடிந்துவிடும். கிரேயான் இல்லாவிட்டால் சாமி அலமாரியில் கிடக்கும் மெழுகுவத்தியை எடுத்து அடியில் தேயுங்கள், அதுவும் போதும். அட்டையில் ஒட்டச் சொன்னால் பசையைக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு பொட்டு மட்டும் வையுங்கள். மதிப்பெண் வாங்கியதும் பிய்த்தெடுக்க வசதியாக இருக்கும்.

கத்திக் கப்பல் வேறு மடிப்பு. அது வேண்டுமென்றால் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.